படிவம் 4 அலைகள் பாடம்: வீட்டிலேயே இரண்டு வாரத்தில் படிக்க ஒரு வழி

என் மகள் படிவம் 4 இயற்பியலில் அலைகள் பாடத்துக்கு நடந்த சோதனையில் 30க்கு 7 வாங்கி வந்தாள். நான் பினாங்கில் பாயான் லெப்பாஸில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவள், அந்தக் காலத்தில் இதே பாடத்தை மனப்பாடம் செய்து தப்பித்தவள். அதனால் திட்ட வாய் வரவில்லை. மாதம் 90 வெள்ளி கட்டி டியூஷனுக்கு அனுப்பினோம். அங்கே சூத்திரத்தை எழுதிப் போட்டு எண்களை நிரப்பச் சொன்னார்களே தவிர அலை என்றால் என்ன என்று யாரும் காட்டவில்லை. அடுத்த சோதனையில் 30க்கு 9. மூன்று மாதக் கட்டணத்துக்கு இரண்டு மதிப்பெண்!

அப்புறம் வீட்டில் நாங்களே உட்கார்ந்தோம். இரண்டு மாதம் தடுமாறினோம், பாதி நேரம் தப்பான வரிசையில் படித்ததால் வந்த தடுமாற்றம் அது. சரியான வரிசையில் போனால் இரண்டு வாரம் போதும், செலவும் 30 வெள்ளியைத் தாண்டாது. அந்த வரிசைதான் கீழே இருக்கிறது. படிவம் 4 பாடநூலில் இது ஐந்தாம் அத்தியாயம்.

1. முதலில் தாள்களைச் சேர்த்து வையுங்கள் (ஒரு மாலை, 6 வெள்ளி)

தேவையானவை நான்குதான். பாடநூல், ஒரு வரைபடத்தாள் கட்டு, கோடு போடாத ஒரு நோட்டு, பிள்ளை இதுவரை எழுதிய சோதனைத் தாள்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். மகளின் இரண்டு தாள்களையும் தரையில் விரித்துச் சிவப்பு மை விழுந்த இடங்களைப் பார்த்தபோது பத்துப் பதினைந்து தவறுகள் இருந்தன, ஆனால் வகை பிரித்தால் மூன்றே மூன்று: சொல் குழப்பம், வரைபடக் குழப்பம், 'எது மாறும் எது மாறாது' குழப்பம்.

படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் சூத்திரப் பட்டியலைக் கேள்வித்தாளிலேயே கொடுத்துவிடுவார்கள். அதனால் சூத்திர அட்டை, சுவரில் ஒட்டும் படம் என்று காசு செலவழிக்க வேண்டாம்.

2. சொற்பட்டியல் (ஒரு மணி நேரம், செலவில்லை)

தமிழ்ப்பள்ளியிலிருந்து போன பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் மலாயில் வருகிறது, சில பள்ளிகளில் ஆங்கிலத்தில். வீட்டில் நாம் தமிழில் விளக்குவோம். மூன்றும் தலைக்குள் மோதும். ஒரு பக்கத்தில் மூன்று பத்தி போட்டு எழுதிவிடுங்கள்: அலைநீளம் (ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேடு வரை) என்றால் பாஞ்சாங் கெலொம்பாங், வீச்சு (அசைவின் உயரம்) என்றால் அம்ப்ளிதூட், அதிர்வெண் (ஒரு வினாடிக்கு எத்தனை அசைவு, அளவு ஹெர்ட்ஸ்) என்றால் ஃப்ரெகுவென்சி. இவை சுலபம்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. ஒன்று, பெம்பியாசானும் பெம்பெலாவானும். முதலாவது விலகல்: ஆழம் மாறும்போது அலை திசை மாறுவது. இரண்டாவது விளிம்பு வளைவு: இடுக்கு வழியாகப் போகும்போது அலை விரிவது. ஒலி ஒற்றுமையால் மகள் இரண்டையும் மாற்றி எழுதியே ஆறு மதிப்பெண்ணைக் கோட்டை விட்டிருக்கிறாள். இன்னொன்று தெம்போ. மலாயில் அது அலைவு நேரம், அதாவது ஒரு முழு அசைவுக்கு ஆகும் நேரம். இவள் மிருதங்க வகுப்புக்குப் போகிறவள், தெம்போ கூடினால் வேகம் கூடும் என்று இசைக்கணக்கில் நினைத்துக்கொண்டாள். இங்கே நேர் எதிர். தெம்போ கூடினால் அசைவு மெதுவாகிறது என்று அர்த்தம்.

3. ஸ்பிரிங்: இதை விட்டால் மற்றதெல்லாம் வீண் (ஒரு மாலை, 5 வெள்ளி)

இரவுச் சந்தையில் பொம்மைக் கடையில் கிடைக்கும், படிக்கட்டில் தானாக இறங்குமே, அந்த ஸ்பிரிங். உலோகத்தில் கிடைத்தால் நல்லது, பிளாஸ்டிக் சிக்கிக்கொள்ளும். வழவழப்பான தரையில் இரண்டு பேர் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து பிடித்துக்கொள்ளுங்கள்.

பக்கவாட்டில் ஒரே ஒரு தட்டு தட்டுங்கள். ஒரு புடைப்பு ஓடிப்போய் மறுமுனையில் மோதித் திரும்பும், திரும்பும்போது எதிர்ப்பக்கமாகப் புரண்டு வரும். இது குறுக்கலை. அடுத்து ஸ்பிரிங்கின் நீளவாக்கிலேயே ஒரு குத்துக் குத்தினால் வளையங்கள் ஓரிடத்தில் நெருங்கி அந்த நெருக்கம் ஓடும். இது நெட்டலை, ஒலி இந்த வகை. ஒரு வளையத்தில் சிவப்பு நூல் கட்டிப் பாருங்கள். அலை மறுமுனைக்குப் போய்விடும், நூல் தன் இடத்தில் ஆடிவிட்டு அங்கேயே நிற்கும். போவது ஆற்றல் மட்டும்.

இனி முக்கியமானது. கையை மெதுவாக, விடாமல் ஆட்டச் சொல்லுங்கள், பிறகு வேகமாக. வேகமாக ஆட்டினால் அலை வேகமாக ஓடுமா என்று ஆட்டுவதற்கு முன்பே கேளுங்கள். "ஓடும்" என்றுதான் சொல்வார்கள். வேகம் = அதிர்வெண் × அலைநீளம் என்ற சூத்திரத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், நானும் சொன்னேன். ஆனால் ஓடாது. கைப்பேசியில் ஸ்லோ மோஷன் எடுத்துப் பாருங்கள். மேடு பள்ளங்கள் நெருங்கி வருகின்றன, ஓடும் வேகம் அதேதான்.

ஒரு வீட்டுக் கணக்கு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அதிர்வெண் ஆட்டுகிறவர் கையில் இருக்கிறது. வேகம் ஊடகத்தின் கையில், அதாவது அலை ஓடும் பொருளின் கையில். இரண்டு பேரும் முடிவு செய்த பிறகு மிச்சத்தைச் சரிக்கட்டுவது அலைநீளத்தின் வேலை. இந்தப் பாடத்தில் எந்தக் கேள்வி வந்தாலும் முதலில் "இங்கே யார் மாறினார், ஆட்டுகிறவரா ஊடகமா?" என்று கேட்டுவிட்டு எழுதினால் பாதிக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

இங்கே ஒரு கண்ணி. ஊடகத்தை மாற்றிப் பார்க்கலாம் என்று ஸ்பிரிங்கை நான்கு மீட்டருக்கு இழுத்தோம். இழுத்துக் கட்டினால் வேகம் கூட வேண்டும். ஆனால் புடைப்பு மறுமுனைக்குப் போக முன்பு ஆன அதே நேரம்தான் ஆனது. புத்தகம் தப்பு என்று அரைமணி நேரம் சண்டை. கடைசியில் மகள்தான் சொன்னாள், "அம்மா, தூரம் டபுள் ஆச்சே!" தூரம் இரட்டிப்பாகியும் நேரம் மாறவில்லை என்றால் வேகம் இரட்டிப்பாகிவிட்டது. கடிகாரத்தை மட்டும் பார்க்காமல் தூரத்தையும் எழுதி வையுங்கள்.

4. இரண்டு வரைபடங்கள் (ஒரு மணி நேரம், ஆனால் மூன்று நாள் திரும்பத் திரும்ப)

இடப்பெயர்ச்சி-தூரம், இடப்பெயர்ச்சி-நேரம். இரண்டும் பார்க்க ஒரே பாம்பு மாதிரி நெளியும். முதலாவது ஒரு நொடியில் அலை முழுவதையும் எடுத்த புகைப்படம், அதில் அலைநீளம் கிடைக்கும். இரண்டாவது அந்தச் சிவப்பு நூல் ஒன்றை மட்டும் விடாமல் எடுத்த வீடியோ, அதில் அலைவு நேரம் கிடைக்கும். மகள் நேர வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அலைநீளம் அளந்து எழுதியிருந்தாள், அதுவும் சென்டிமீட்டரில். பார்த்ததும் சிரிப்பு வந்தது, பிறகு என் பழைய தாள்களிலும் இதே கூத்துதான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

பழக்கம் இதுதான்: வளைவைப் பார்க்கும் முன் கீழ் அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று விரலை வைத்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒரு உதாரணம். நேர வரைபடத்தில் 0.8 வினாடிக்குள் இரண்டு முழு அலை. அலைவு நேரம் 0.4 வினாடி, அதிர்வெண் 2.5 ஹெர்ட்ஸ். அதே அலையின் தூர வரைபடத்தில் 60 செ.மீ.க்குள் இரண்டு முழு அலை, அலைநீளம் 30 செ.மீ. வேகம் 2.5 × 30, வினாடிக்கு 75 செ.மீ. வீச்சு என்பது நடுக்கோட்டிலிருந்து முகடு (மேட்டின் உச்சி) வரைதான், அகட்டிலிருந்து (பள்ளத்தின் அடி) முகடு வரை அளந்தால் இரட்டிப்பாகிவிடும். அச்சில் மில்லிவினாடி என்று போட்டிருந்தால் ஆயிரத்தால் வகுக்க மறக்க வேண்டாம்.

5. தண்ணீர்த் தட்டு (ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை, 8 வெள்ளி)

பள்ளி ஆய்வுக்கூடத்தில் இதைத் தாங்கி ரியாக் என்பார்கள். நாற்பது பேர் சுற்றி நிற்க, பின்வரிசைப் பிள்ளைக்குத் தெரிவது முன்னால் நிற்பவனின் முதுகு. வீட்டிலேயே செய்துவிடலாம். கேக் சுடும் கண்ணாடித் தட்டு, இல்லையென்றால் அகலமான, அடி தட்டையான, தெளிவான பிளாஸ்டிக் டப்பா. இரண்டு ஸ்டூலுக்கு நடுவே பாலம் மாதிரி வைத்து, கீழே தரையில் வெள்ளைத் தாள் விரியுங்கள். வெளிச்சத்துக்குச் சூரியனே போதும்.

நேரம் ரொம்ப முக்கியம். பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஒன்றேகால் மணி வாக்கில். நம் கடிகாரம் 120 பாகை தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, நாம் இருப்பதோ ஏறக்குறைய 100 பாகையில். நாங்கள் முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு வைத்துவிட்டு, நிழல் ஸ்டூலைத் தாண்டி எதிர்வீட்டு வாசலில் விழுகிறதே என்று தாளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பன்னிரண்டரைக்கும் இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். மேகம் வந்தால் இன்னொரு கைப்பேசியின் டார்ச்சை மேலே அரை மீட்டர் உயரத்தில் கட்டித் தொங்கவிடலாம். தண்ணீரில் பிரதிபலிக்கும் சூரியனைப் பார்க்காதீர்கள், தாளை மட்டும் பாருங்கள்.

தண்ணீர் அரை சென்டிமீட்டர் போதும். ஸ்கேலின் விளிம்பால் லேசாகத் தட்டினால் தாளில் வெளிச்சக் கோடுகள் ஓடும். முகடுகள் குவிலென்ஸ் மாதிரி ஒளியைக் குவிப்பதால் அவை பளிச்சென்று தெரியும், அகடுகள் இருட்டாக இருக்கும். இந்த விளக்கத்தைக் கேள்வியாகவே கேட்பார்கள்.

முதல் தடவை எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை, வெறும் கலங்கல். காரணம் தட்டின் சுவர்களில் பட்டு எல்லாப் பக்கமிருந்தும் அலை திரும்பி வந்ததுதான். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நீளவாக்கில் வெட்டி நான்கு ஓரத்திலும் வைத்தோம், படம் சட்டென்று தெளிந்தது. பள்ளித் தொட்டியின் ஓரத்தில் ஸ்பாஞ்ச் எதற்கு என்று ஒரு கேள்வி உண்டு, அதற்குப் பதிலும் இதுவே.

பிரதிபலிப்புக்கு ஒரு பக்கத்து ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு ஸ்கேலைச் சாய்த்து நிறுத்துங்கள். போன கோணத்திலேயே திரும்பும், திசையைத் தவிர எதுவும் மாறாது. இதில் அதிக நேரம் போட வேண்டாம்.

விலகலில்தான் எல்லாரும் தோற்பார்கள். ஒரு தெளிவான பிளாஸ்டிக் தகட்டைத் தண்ணீருக்குள் படுக்க வையுங்கள், அதன் மேல் தண்ணீர் ஆழம் குறையும். நாங்கள் இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் ஊற்றிவிட்டு வித்தியாசமே இல்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தோம். தகட்டுக்கு மேலே ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். அப்போது பார்க்கலாம், தகட்டின் மேல் வந்ததும் கோடுகள் நெருங்கும். தகட்டைச் சாய்வாக வைத்தால் கோடுகள் மடங்கும். ஆட்டுகிறவர் மாறவில்லை, எனவே அதிர்வெண் அதேதான். ஊடகம் மாறியது, வேகம் குறைந்தது, அலைநீளம் சரிக்கட்டியது. மூன்றாம் படியில் சொன்னதேதான்.

விளிம்பு வளைவுக்கு இரண்டு லெகோ கட்டைகளை நடுவில் இடுக்கு விட்டு வையுங்கள். இடுக்கு அகலமாக இருந்தால் அலை நேராகப் போய் ஓரத்தில் மட்டும் வளையும், அலைநீளம் அளவுக்குச் சுருக்கினால் அரைவட்டமாக விரியும். இங்கேயும் ஊடகம் மாறவில்லை, அதனால் வேகமும் அலைநீளமும் அதே, வீச்சு மட்டும் குறையும். விரிந்த கோடுகளை வரையும்போது பிள்ளைகள் இடைவெளியைக் கூட்டியோ குறைத்தோ வரைவார்கள், மதிப்பெண் போய்விடும். ஸ்கேல் வைத்து வரையச் சொல்லுங்கள்.

குறுக்கீட்டு விளைவுக்கு (இரண்டு அலைகள் சந்தித்து ஒன்றோடொன்று சேர்வது) ஸ்கேலில் இரண்டு காது குடையும் பஞ்சுக்குச்சிகளை நான்கு சென்டிமீட்டர் தள்ளி ஒட்டி ஒரே சீராகத் தொட்டு எடுங்கள். வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ஸ்லோ மோஷனில் நடுவிலிருந்து விசிறி மாதிரி அமைதியான கோடுகள் தெரியும். முகடும் அகடும் சந்தித்து ஒன்றையொன்று அழித்த இடங்கள் அவை. குச்சிகளை நெருக்கினால் விசிறி விரியும்.

6. தொட்டில் (பத்து நிமிடம்)

தம்பி பாப்பா இருக்கும் வீட்டில் ஸ்பிரிங்கில் சாரோங் கட்டிய தொட்டில் இருக்கும். ஒத்ததிர்வுக்கு அதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. அரிசி மூட்டையை வைத்து (குழந்தையை வைத்து வேண்டாம்!) கீழே இழுத்து விடுங்கள். ஆடி ஆடிக் குறையும்: இது ஆற்றல் இழப்பால் வரும் ஒடுக்கம், மலாயில் பெலெம்பாபான். வீச்சு குறைகிறது, ஒரு ஆட்டத்துக்கான நேரம் அநேகமாக அப்படியே இருக்கிறது. இப்போது அதன் ஆட்டத்தோடு சேர்ந்து ஒற்றை விரலால் தட்டுங்கள், வீச்சு ஏறிக்கொண்டே போகும்: இதுதான் ஒத்ததிர்வு. தப்பான தாளத்தில் தட்டினால் முழுக் கையாலும் அசைக்க முடியாது. ஐந்து கிலோவைப் பத்து கிலோவாக்கினால் ஆட்டம் மெதுவாகும், விரலும் அதற்கேற்ப மெதுவாக வேண்டும். நாள் முழுக்கத் தொட்டில் ஆட்டிய பாட்டிமாருக்கு இதெல்லாம் விரல் நுனியில்.

7. வாளியும் பைப்பும்: ஒலியின் வேகம் (ஒரு மணி நேரம், 3 வெள்ளி)

ஹார்ட்வேர் கடையில் 30 செ.மீ. பிவிசி பைப் துண்டு கேளுங்கள், ஒரு அங்குல விட்டம். வெட்டித் தரத் தயங்கினால் மிச்சத் துண்டு கேளுங்கள், சில சமயம் சும்மாவே தருவார்கள். கைப்பேசியில் ஒலி எழுப்பும் இலவசச் செயலியில் 1000 ஹெர்ட்ஸ் வையுங்கள். வாளி நிறையத் தண்ணீர், அதற்குள் பைப், மேல்வாயில் கைப்பேசி ஸ்பீக்கர். பைப்பை மெல்ல மேலே தூக்குங்கள்.

தண்ணீருக்கு மேலே ஏறக்குறைய 8 செ.மீ. வந்ததும் சத்தம் திடீரென்று உப்பும். தொடர்ந்து தூக்கினால் அடங்கி, 25 செ.மீ. தாண்டியதும் மறுபடி உப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரை அலைநீளம். எங்களுக்கு 17.4 செ.மீ. வந்தது. இரட்டித்தால் 34.8 செ.மீ., ஆயிரத்தால் பெருக்கினால் வினாடிக்கு 348 மீட்டர். நம் ஊர் 30 பாகை வெப்பத்துக்குக் கணக்குப்படி 349. அன்று மகள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

முதல் உப்பல் கால் அலைநீளம்தானே என்று அதை மட்டும் நான்கால் பெருக்கினால் விடை குறைவாக வரும். அலை பைப்பின் வாயோடு நிற்பதில்லை, கொஞ்சம் வெளியே நீட்டிக்கொள்கிறது. அதனால்தான் இரண்டு இடத்தையும் அளந்து கழிக்கிறோம். இரவு ஒன்பதுக்கு மேல் இதைச் செய்யாதீர்கள், அடுக்குமாடியில் அந்தக் கீச்சு மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

8. அப்பளம்: மின்காந்த அலை (அரைமணி நேரம், 3 வெள்ளி)

மைக்ரோவேவ் அடுப்பின் சுழல்தட்டை எடுத்துவிட்டு, சுழலும் குமிழ் மேல் படாமல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் தட்டு நிறையப் பச்சை அப்பளம் பரப்புங்கள். 20 வினாடி. சில இடங்கள் பொரிந்திருக்கும், சில அப்படியே இருக்கும். பக்கத்துப் பக்கத்துப் பொரிந்த இடங்களின் நடுவுக்கு நடு அளந்தால் சுமார் 6 செ.மீ., அது அரை அலைநீளம். அடுப்பின் பின்பக்கம் 2,450 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும். முழு அலைநீளமான 0.12 மீட்டரை அதனால் பெருக்கினால் வினாடிக்கு 29.4 கோடி மீட்டர், ஒளியின் வேகம் ஏறக்குறைய 30 கோடி. உண்மையைச் சொன்னால் எங்களுக்கு 5.5-லிருந்து 7 வரை எல்லா அளவும் வந்தது, நான்கைந்து சோடி அளந்து சராசரி எடுத்தோம். கருகும் முன் நிறுத்துங்கள்.

மைக்ரோவேவ், வானொலி, ஒளி என்று மின்காந்த அலைகள் எல்லாமே வெற்றிடத்தில் ஒரே வேகம். கோலாலம்பூரில் மின்னல் எஃப்எம் வரும் 96.3 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 3.1 மீட்டர். வானொலி அலை ஒலி அலை அல்ல. வானொலியில் பாட்டு கேட்பதால் அதை ஒலி என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம்.

9. கடலுக்கு ஒரு முறை (ஒரு மாலை, பஸ் காசு)

இது கட்டாயமில்லை, ஆனால் பினாங்கில் இருந்துகொண்டு போகாமல் இருப்பது பாவம். பத்து ஃபெரிங்கியில் நின்று பாருங்கள், தூரத்தில் சாய்வாக வரும் அலைகூடக் கரையை நெருங்க நெருங்க அதற்கு இணையாகத் திரும்பிவிடும். ஆழம் குறைந்த பக்கம் முதலில் மெதுவாகிறது, அதே பிளாஸ்டிக் தகடுதான். சியூ ஜெட்டியில் தூண்களுக்கு நடுவே அலை ஒன்றும் நடக்காத மாதிரி கடந்து போகும், தூண் அதன் அலைநீளத்தைவிட ரொம்ப மெலிசு.

2004 டிசம்பர் 26 அன்று காலை நம் நேரம் ஒன்பது மணி வாக்கில் சுமத்ராவில் நிலம் அதிர்ந்தது, சுனாமி பினாங்கைத் தொட்டது மதியம் தாண்டி. ஆழ்கடலில் விமான வேகத்தில் ஓடும் அலை, ஆழம் குறைந்த நம் நீரிணைக்குள் வந்ததும் மெதுவாகியிருக்கிறது. மெதுவாகும் அலை உயரமாகும். மகள் அன்று கடற்கரையில் இருந்தவர்களைப் பற்றிக் கேட்டாள். நான் கணக்கை நிறுத்திவிட்டு அதைப் பற்றிப் பேசினேன்.

10. எழுதிப் பார்ப்பது (கடைசி மூன்று நாள்)

எஸ்பிஎம் இயற்பியல் இரண்டாம் தாள் இரண்டரை மணி நேரம், 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம். அலைப்படம் வரையும் கேள்விக்குப் பிள்ளைகள் பத்து நிமிடம் அழகு பார்ப்பார்கள், கடிகாரம் வைத்துப் பழக்குங்கள். பழைய சோதனைத் தாளை எடுத்து அதே கேள்விகளை மறுபடி எழுத வையுங்கள், புதுப் பயிற்சி நூல் இப்போதைக்கு வாங்க வேண்டாம். விளக்கக் கேள்வியில் "ஆழம் குறைகிறது, வேகம் குறைகிறது, அதிர்வெண் மாறாது, அலைநீளம் குறைகிறது" என்று நான்கையும் தனித்தனியாக எழுத வேண்டும், மனதில் தெரிந்தால் மதிப்பெண் வராது.

மகள் அடுத்த சோதனையில் 30க்கு 22. போன எட்டில் மூன்று, மறுபடியும் பெம்பெலாவானை பெம்பியாசான் என்று எழுதியதால்.